வாசலில் லெமன் ஜூஸ் விற்றால் கேஸ் வருமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் குடியிருக்கிறோம். ஏழாவது முடித்த என் 12 வயது மகன், கோடை லீவில் வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் ஸ்டூல் போட்டு லெமன் ஜூஸ் விற்றான். பக்கத்துக் கடைக்காரர், "இது குழந்தைத் தொழிலாளர் கேஸ். குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போட்டால் நீதான் உள்ளே போவாய்" என்று மிரட்டுகிறார். நகராட்சி ஆட்கள் வந்து ஸ்டூலையும் டிரம்மையும் தூக்கிப் போய்விட்டார்கள். நான் என்ன செய்வது?

பதில்: உள்ளே எல்லாம் போக மாட்டீர்கள், அம்மா. 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்பது உண்மைதான். 1986-ம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி அப்படி ஆக்கினார்கள். ஆனால் அதே சட்டத்தின் 3-ம் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலோ லீவிலோ பிள்ளை ஒத்தாசை செய்யலாம். ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடவே கூடாது.

ஆகவே, கடை யாருடையது என்பதுதான் விஷயம். "அவனாகத்தான் நடத்துகிறான், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று அதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். சிக்கலே அங்கேதான். கடை உங்களுடையதாக இருக்கட்டும், பையன் பழம் பிழிந்து கொடுக்கட்டும். பேச்சுக்கு அல்ல, நிஜமாகவே. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கியூஆர் அட்டை உங்கள் கணக்கில் இருக்கட்டும். சித்தப்பா, மாமா, அத்தை நடத்தும் கடையும் குடும்பத் தொழில் கணக்கில் வரும். உங்களை மிரட்டிய பக்கத்துக் கடைக்காரர் தன் கடையில் இவனை நிற்க வைத்தால்தான் வழக்கு, அதுவும் அவர் மேல்: 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெற்றோருக்கு முதல் தடவை தண்டனையே கிடையாது. மறுபடியும் தப்பு செய்தால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

ரோட்டோரம்தான் உங்கள் பலவீனம். அங்கே விற்க 2014-ம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். 12 வயதுப் பையனுக்கு அது கிடைக்காது. சாக்கடை ஸ்லாப் மேல் ஸ்டூலின் இரண்டு கால் நின்றாலும் அது நகராட்சி இடம்தான். கேட்டுக்கு உள்ளே தள்ளிப் போட்டுவிடுங்கள், அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

எடுத்துப் போன சாமானுக்கு ஆணையர் பெயரில் ஒரு மனு கொடுங்கள். பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும், கெட்டுப்போகாத பொருளை, வியாபாரி கேட்ட 2 வேலை நாளில் திருப்ப வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 19-ம் பிரிவு. நீங்கள் பதிவான வியாபாரி இல்லை என்பதால் அதை உரிமையாக அடித்துப் பேச முடியாது. தன்மையாகக் கேளுங்கள்.

அப்புறம், உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரியாக உங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாசலில் விற்றாலும் அது வேண்டும். இதில் எனக்குப் பயமே ஐஸ் மேல்தான். மீன் பெட்டிக்கு உடைத்துப் போடும் கட்டி ஐஸ் விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். காய்ச்சிய தண்ணீரை ஃபிரிட்ஜிலேயே உறைய வையுங்கள்.

மனு எழுத ஆள் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ல் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே செய்து தருவார்கள்.