டீம் தொடர்ந்து தோத்தா யாரைக் கேக்கணும், கேப்டனையா கோச்சையா?

நம்ம சுங்கை சிப்புட் மாமாக் கடையில இத கேட்டா பாதிப் பேரு ஸ்டார் பிளேயரத்தான் திட்டுவாங்க, ஆனா நா மேலருந்து பாக்கணும்னு சொல்றவன். அமெரிக்க என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல ஆடுற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் டீமோட 2023-24 சீசன எடுத்துக்கோங்க. வரிசையா 28 மேட்ச் தோல்வி, கடைசில 14 ஜெயிப்பு 68 தோல்வி. அதுல 27வது தோல்வி புரூக்ளின் டீம் கூட, ஸ்டார் பிளேயர் கேட் கன்னிங்ஹாம் ஒருத்தனே 41 பாயிண்ட் போட்டான், அப்பவும் தோத்தாங்க, 22 வயசுப் பையன் வேற என்னதான் செய்வான் சொல்லுங்க?

கோச் மாண்டி வில்லியம்ஸுக்கு 6 வருச கான்ட்ராக்ட், 78.5 மில்லியன் டாலர்னு சொன்னாங்க. அவர் ஜேடன் ஐவிங்கற பிளேயர பெஞ்சுல உக்கார வச்சுட்டு கில்லியன் ஹேஸ ஆரம்பத்துலேயே எறக்குனாரு, அது எனக்கு இன்னிக்கும் வெளங்கல. ஆனா அவர மட்டும் சொல்லியும் பிரயோசனம் இல்ல, பந்து போடத் தெரிஞ்ச சீனியருங்க பத்தாம டீம் கட்டினது ஆபீஸ்தானே, அதாவது பிளேயருங்கள எடுக்குற நிர்வாகம். செம்பனைத் தோட்டத்துல மகசூல் கொறஞ்சா மேனேஜர் தண்டல, அதான் வேலையாளுங்கள மேய்க்கிற மேஸ்திரிய, ஏசுவாரு, தண்டல் குலை வெட்டுறவன ஏசுவாரு, உரம் வாங்காத மேனேஜர மட்டும் ஒருத்தனும் கேக்க மாட்டான், அந்த மாதிரிதான் லா.

2024ல முதலாளி டாம் கோர்ஸ் ஆபீஸ்லயே கை வச்சாரு. ஜெனரல் மேனேஜர் ட்ராய் வீவர் போயிட்டாரு, டிரேஜன் லாங்டன் வந்தாரு, கான்ட்ராக்ட்ல மிச்ச காசு போனாலும் பரவால்லன்னு கோச்சையும் அனுப்பிட்டாங்க. டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி மாதிரி அனுபவசாலிங்கள எடுத்தாங்க, புது கோச் பிக்கர்ஸ்டாஃப். அடுத்த சீசன் 44 ஜெயிப்பு, பிளேஆஃப், அதே கேட் லீக்கோட சிறந்த பிளேயருங்க ஆடுற ஆல்-ஸ்டார் மேட்சுக்கும் தேர்வானான்.