ஜவ்வு ஆபரேஷனுக்குப் பிறகு டிரையத்லான்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முதுகெலும்பின் அடிப்பகுதியில், எல்5–எஸ்1 என்ற இடத்தில், எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி எனக்கு மைக்ரோடிஸ்கெக்டமி, அதாவது பிதுங்கிய துண்டைச் சிறு கீறல் வழியாக எடுக்கும் ஆபரேஷன், செய்தார்கள். பதினான்கு மாதம் கழித்து ஒலிம்பிக் தூர டிரையத்லான், அதாவது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து, முடித்தேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

அக்கா, ஆபரேஷன் முடிந்து நான்கு வாரம். கால் வலி சுத்தமாகப் போய்விட்டது. மெதுவாக ஓடிப் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. நரம்பை அழுத்திய துண்டை எடுத்துவிட்டார்கள், அதனால் வலி போனது. ஆனால் ஜவ்வின் சுவரில் அது வெளியே வந்த ஓட்டை இன்னும் ஆறவில்லை. அதே இடத்தில் மறுபடி பிதுங்குவது உண்டு. இப்போது நடை மட்டும் போதும். நான் அபார்ட்மென்ட் வராந்தாவில் பத்துப் பத்து நிமிடமாக, நாளைக்கு ஐந்து தடவை நடந்தேன்.

நீச்சல் முதுகுக்கு நல்லதுதானே? அதைத்தான் முதலில் ஆரம்பிக்க நினைக்கிறேன்.

காயம் நன்றாக மூடி, சர்ஜன் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள். ஆனால் எல்லா நீச்சலும் ஒன்றில்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் பட்டர்ஃபிளையும் இடுப்பைப் பின்னால் வளைக்கும். ஃப்ரீஸ்டைலில் தோளும் இடுப்பும் ஒரே கட்டையாக உருள வேண்டும், தோள் மட்டும் திரும்பினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும். சுவரில் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பாதீர்கள், கையால் தொட்டுத் திரும்புங்கள். கடலில் வழி பார்க்கத் தலை முழுவதையும் தூக்கினால் கால் தாழ்ந்து முதுகு வளையும். முதலை மாதிரி கண் மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

சைக்கிளில் ஏரோ பாரில், அதாவது முன்னால் நீட்டிய கம்பியில் முழங்கையை ஊன்றி, படுத்து ஓட்ட முடியுமா?

முடியும், ஆனால் கடைசியில். சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்தே இருக்கிறோம், அதனால் எனக்கு அதிக நாள் பிடித்தது இதுதான். வீட்டில் சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னரில் நிமிர்ந்து உட்கார்ந்து 15 நிமிடத்தில் தொடங்கினேன். அப்புறம் ஹேண்டில்பாரை உயர்த்தி, கிராங்கை (பெடலைத் தாங்கும் தண்டு) 172.5 மி.மீ.யிலிருந்து 165-க்கு மாற்றினேன். கிராங்க் குட்டையானால் மிதியின் உச்சியில் முழங்கால் அவ்வளவு மேலே வராது, இடுப்பும் சுருளாது. ஈசிஆரில் வேகத்தடை வரும்போது சீட்டிலிருந்து எழுந்துவிடுங்கள்.

ஓட்டம் எப்போது அக்கா?

நாள் கணக்கை விட காலைப் பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். எனக்கு வலது கால் 25 தடவை போனது, இடது கால் 7-லேயே நடுங்கியது. அந்த ஜவ்வுப் பக்கமிருந்து காலுக்கு இறங்கும் எஸ்1 நரம்பு அடிபட்டிருந்தால் கெண்டைக்கால் இப்படித்தான் சோர்ந்துபோகும். இடது 20-ஐத் தொட்ட பிறகே, பிசியோ சம்மதத்தோடு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்தேன். முதுகில் லேசான பிடிப்பு வந்தால் அடுத்த நாள் குறைத்துக்கொள்ளலாம். வலி பின்தொடை வழியாகக் காலுக்குள் இறங்கினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

காலையில்தான் முதுகு ரொம்ப இறுகியிருக்கிறது. போட்டியும் விடியற்காலையில்தானே?

படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அதன் மேல் அழுத்தம் கூடுதலாக விழும். ஆறு மணிக்குப் போட்டி என்றால் நான் மூன்றரைக்கே எழுந்து நடக்கிறேன். ஷூவில் எலாஸ்டிக் லேஸ், குனிந்து முடிச்சுப் போட வேண்டியதில்லை. சாமானை எடுக்க ஒரு முழங்காலை ஊன்றி இறங்குவேன். ஓட்டத்தைத்தான் எல்லோரும் பயந்து கேட்கிறீர்கள். எனக்கு மறுபடி பிடித்துக்கொண்டது ஓடும்போது இல்லை, கார் டிக்கியிலிருந்து சைக்கிளைத் திரும்பி இழுத்தபோது. பத்து நாள் படுக்கை.

எனக்கு ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைத்திருக்கிறார்கள். இதே அட்டவணை சரிவருமா?

வராது சார். எலும்பு ஒட்டவே பல மாதங்கள் ஆகும். ஸ்கேன் பார்த்து உங்கள் சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

சைக்கிள் ஓட்டினால் உட்காரும் இடம் மரத்துப்போகிறது. சீட் காரணமா, முதுகா?

சீட்டின் அழுத்தம் என்றால் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், சீட்டை மாற்றிப் பாருங்கள். இறங்கிய பிறகும் மரப்பு போகவில்லை, சிறுநீர் வர மறுக்கிறது அல்லது அடக்க முடியவில்லை, பாதத்தைத் தூக்க முடியவில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். முதுகில் ஆபரேஷன் ஆனவர் என்பதைப் போனதும் முதலில் சொல்லுங்கள்.