தண்ணிப் பஞ்சம்னு எதை வச்சு அறிவிக்கிறாங்க, யார் முடிவு பண்றது?

தென்னாப்பிரிக்காவுல இருக்குற கேப் டவுன் மாதிரி நம்ம ஊர்லயும் ஒரு அளவு வச்சு, அதுக்குக் கீழ போனா அவசரநிலைன்னு சொல்லிருவாங்களான்னு கேட்டிருக்கீங்க. நான் ராமநாதபுரம் மாவட்டத்துல சாயல்குடி பக்கம் கடலோரக் கிராமம், அதனால எங்க பக்கத்தை வச்சே சொல்றேன்.

2018ல கேப் டவுன்ல அணை எல்லாம் சேர்த்து 13.5 சதவீதத்துக்கு இறங்கினா குழாயை மூடிருவோம், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர் வரிசையில நின்னு பிடிச்சுக்கங்கன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. இங்க அப்படி ஒத்தை நம்பர் கிடையாது. அறிவிக்கிறது மாநில அரசு, அதுவும் வறட்சின்னுதான் அறிவிப்பாங்க. முதல்ல மழை பார்ப்பாங்க. வழக்கத்தை விட 20 சதவீதம் குறைஞ்சா பற்றாக்குறை, 60க்கு மேல போனா கடும் பற்றாக்குறை, இது வானிலைத் துறை கணக்கு. அப்புறம் எம்புட்டு விதைச்சிருக்காங்க, சேட்டிலைட்ல பச்சை தெரியுதா, மண்ணுல ஈரம் இருக்கா, அணையிலயும் நிலத்தடியிலயும் தண்ணி எவ்வளவுன்னு பார்த்து, 10 சதவீதக் கிராமத்துக்கு நேர்லயும் போகணும்னு 2016 டிசம்பர்ல வந்த மத்திய அரசோட வறட்சிக் கையேடு சொல்லுது. விஏஓ, தாசில்தார், கலெக்டர்னு ரிப்போர்ட் மேல போகும்.

2016ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு 440 மில்லிமீட்டர் வரணும், வந்தது 168. அடுத்த ஜனவரி 10ஆம் தேதி அப்ப முதல்வரா இருந்த ஓ.பன்னீர்செல்வம் எல்லா மாவட்டமும் வறட்சி பாதிச்சதுன்னு அறிவிச்சார், நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய், நிலவரி தள்ளுபடி. விவசாயிக்கு அது தேவைதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா வலை இழுக்குறவங்களுக்கு அதுல என்ன இருக்கு? அவங்ககிட்ட எந்த நிலத்துல என்ன பயிர்னு விஏஓ எழுதிக் குடுக்குற அடங்கல் கிடையாது, காஞ்சு போன வயலும் கிடையாது, காலிக் குடம்தான் இருக்கு.

எங்க பக்கம் நல்லதண்ணி எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் இது புரியும். மழைத்தண்ணி மணல்மேட்டுல இறங்கி, கீழ இருக்குற உப்புத்தண்ணி மேல ஒரு படலமா மிதந்துக்கிட்டு நிக்கும், ஏன்னா நல்லதண்ணி எடை கம்மி. அதுல ஊத்துத் தோண்டி கொட்டாங்குச்சியில மெதுவா மோந்து குடத்துல ஊத்துவாங்க, எங்க அப்பத்தா ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் உக்காந்திருக்கும். மோட்டார் போட்டு வேகமா இழுத்தா அடியில இருக்குற உப்பு மேல ஏறிரும், அப்புறம் நல்ல மழை பெஞ்சாலும் அந்த ஊத்து சீக்கிரம் திரும்பாது. கிணத்துல தண்ணி நிக்கும், வாயில வைக்க முடியாது. நீர்மட்டம் மட்டும் அளந்தா எல்லாம் சரியா இருக்குன்னுதான் வரும். குடிதண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 2,000 வரைன்னு இந்தியத் தரக் கணக்கு இருக்குல்ல, அதையும் அளந்து அறிவிப்புக்குள்ள கொண்டு வரணும்னுதான் நான் சொல்றேன்.

இன்னொண்ணு, காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம். திருச்சி பக்கத்துல இருந்து பைப்ல வருது, அது வந்தப்புறம் நிலைமை எவ்வளவோ மாறுச்சு, தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்னு எங்க மாவட்டத்தைச் சொல்லி மிரட்டுற பேச்சும் குறைஞ்சுருச்சு. ஆனா கடைசி ஊருக்கு வர்றதுக்குள்ள பிரஷர் இருக்காது. வழியில எங்கயாவது உடைப்பு எடுத்தா, இங்க அடைமழை பெஞ்சுக்கிட்டு இருந்தாலும் தெருவுல தள்ளுவண்டி நிறைய காலிக்குடம் வந்துரும். இதை எந்த மழைக் கணக்கும் காட்டாது.

அதனால உங்க ஊருக்கு அறிவிப்பு வரும்னு காத்திருக்காதீங்க. வறட்சின்னு அறிவிக்காமலே லாரித் தண்ணிக்கு ஏற்பாடு பண்ண முடியும், அதுக்கு எழுத்துல ஆதாரம் வேணும். மார்ச் 22 கிராம சபையில தீர்மானம் போடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல அதோட நகலை வச்சு மனு குடுங்க. தண்ணி வந்த தேதி, எத்தனை குடம் பிடிச்சீங்க, ரெண்டையும் குறிச்சு வைங்க. எங்க மதினி அடுப்படியில தொங்குற தினசரி காலண்டர்லயே பேனாவால எழுதி வச்சிருந்தாங்க, ஏப்ரல்ல மொத்தம் நாலு நாள், அந்தத் தாளுகளைத்தான் மனுவோட பின் பண்ணிக் குடுத்தோம். ரெண்டாவது வாரம் லாரி வந்துச்சு.