சோழவரத்தில் ஓடிய கார்கள்

அன்புள்ள ஐயா,

என் அப்பா மார்த்தாண்டத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். 1970களின் நடுவில் நண்பர்களுடன் மெட்ராஸ் போய்ச் சோழவரத்தில் கார் பந்தயம் பார்த்ததை இன்றும் பேத்திகளிடம் சொல்வார். விமானம் இறங்கிய தளத்தில் பந்தயம், எங்கு பார்த்தாலும் ஜனம், நம் ஃபியட்டும் அம்பாசிடரும் பறந்தன என்பார். பிள்ளைகள் நம்பாமல் சிரிக்கிறார்கள். அது உண்மையா? ஏன் நின்றுபோனது? நம் மாவட்டத்தில் அப்படி ஒரு தளம் இருந்தால், நான்குவழிச் சாலையில் பையன்கள் பைக்கில் பறந்து சாக மாட்டார்களே?

செ., மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொல்வது அத்தனையும் உண்மை. பேத்திகளிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கே இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று போருக்குப் பிறகு பயனின்றிக் கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. கல்கத்தா பக்கம் பாரக்பூரிலும் விமானத் தளத்தில்தான் கார்கள் ஓடின. பந்தயத்துக்கென்று தளம் கட்ட யாரிடமும் பணமில்லாத காலம் அது.

சோழவரத் தளம் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம். நேர்பாதையில் முழு வேகம், முனை வந்ததும் வெடுக்கென்று திருப்பம். ஃபியட், அம்பாசிடர் இரண்டிலும் டிரம் பிரேக். திரும்பத் திரும்ப மிதித்தால் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். அந்தத் தளர்ந்த பிரேக்கை நம்பி, பக்கத்து வண்டியைவிட ஒரு கணம் தாமதித்து மிதிப்பவனே முந்துவான். பட்டறைக்காரரான உங்கள் அப்பாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது.

ஏனென்றால் அது மெக்கானிக்குகளின் பந்தயம். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது மிகக் கடினம். கையில் இருந்தவை ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1,089 சிசி ஃபியட் இன்ஜினில் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள், பெட்ரோல் பாயும் துளையான கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார்கள், சீட்டையும் பம்பரையும் கழற்றி எடையைக் குறைப்பார்கள். கோவையைச் சேர்ந்த பந்தய வீரர் கரிவரதன் பின்னாளில் மாருதி 800இன் இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே வடிவமைத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தது இந்தியப் பந்தய உலகுக்குப் பேரிழப்பு.

அப்பாவின் பயணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அன்று நாகர்கோவிலுக்கு ரயிலே கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து பாதை வந்தது 1979இல். திருநெல்வேலியோடு இணைந்தது 1981இல். அப்படியென்றால் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டித் திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து எழும்பூருக்கு மீட்டர்கேஜ் ரயில், பிறகு மறுபடி பஸ் என்று அவர் போயிருக்கலாம். இல்லையென்றால் திருவனந்தபுரம் போய் அங்கிருந்து ரயில், அல்லது வழி நெடுக பஸ். ஒரு கார் பந்தயத்துக்காக இவ்வளவு தூரம் போன ஆர்வத்தின் முன்னால் நான் தலைவணங்குகிறேன்.

சோழவரம் ஆளில்லாமல் நிற்கவில்லை. பல்லாயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் விமானத்துக்காகப் போட்ட தளத்தில் பந்தயத்துக்கான பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் நிரந்தரமாக இல்லை. வண்டிகளின் வேகம் கூடக் கூட, கூட்டத்துக்கும் காருக்கும் நடுவில் இருந்த இடைவெளி போதாமல் போனது. கிளப் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம் அமைத்தது. 1990இல் பந்தயம் அங்கே போய்விட்டது. அது சரியான முடிவுதான். ஆனாலும் சோழவரத்தில் திரண்ட பொதுஜனக் கூட்டம் அங்கே அதே அளவில் திரளவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நம் மாவட்டத்தில் தளம் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மண் இது. மிஞ்சியிருக்கும் வயலையும் குளத்தையும் இதற்காக நிரப்பக் கூடாது. கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் கரிவரதன் பெயரில் ஒரு தளம் இருக்கிறது. நான்குவழிச் சாலையில் பறக்கும் பையன்களில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்ப உள்ளூர் வியாபாரிகள் முன்வரட்டும். மற்றவர்களைப் போலீஸ் நிறுத்தட்டும்.

அப்பாவிடம் எனக்காக இரண்டு கேள்விகள். எந்தத் திருப்பத்தில் நின்று பார்த்தார்? திரும்பி வந்ததும் தம் பட்டறையில் எந்த வண்டியின் ஹெட்டைச் சீவிப் பார்த்தார்? அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.