சுருக்குக் கம்பி முதல் அலங்குச் செதில் வரை: தமிழக-கேரள எல்லையோர ஊர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (பந்தலூர்): தேயிலைத் தோட்ட வேலிச் சந்தில் கம்பிச் சுருக்கு கிடக்கிறது. பன்றிக்கு வைத்ததுதானாம். அறுத்துப் போட்டுவிடலாமா?

பதில்: அறுக்காதீர்கள். கம்பி, முடிச்சு, கட்டிய மரம் மூன்றுமே வழக்குக்குச் சான்று. படம் எடுத்து, லொகேஷனோடு ரேஞ்ச் ஆபீஸுக்கு (வனச்சரக அலுவலகம்) அனுப்புங்கள். ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னும் இருக்கும். வேலியின் இரு பக்கமும், ஓடைக்கு இறங்கும் தடத்திலும் பாருங்கள். பெரும்பாலும் பைக்கின் கிளட்ச் கேபிள்தான். தடத்தின் இருபுறமும் முள் வெட்டிப் போட்டு நடுவில் மட்டும் வழி விட்டிருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

'பன்றிக்குத்தானே' என்ற சமாதானத்தை ஏற்கவே கூடாது. அதே சந்தில்தான் சிறுத்தையும் செந்நாயும் கடமானும் வரும். சிறுத்தைக்குத் தலையும் தோளும் நுழைந்துவிடும். இடுப்பில்தான் பல நேரம் இறுகும். திமிறத் திமிற உள்ளுறுப்புகள் நசுங்கும். வெளியே ஒரு கோடு போலத்தான் காயம் தெரியும். காப்பாற்றிக் கூண்டில் ஏற்றிய பிறகும் செத்துப்போவது இதனால்தான்.

கேள்வி (வால்பாறை): உயிரோடு மாட்டியிருந்தால்?

பதில்: தகவல் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். கூட்டம், நாய், டார்ச், செல்போன் வீடியோ எதுவும் வேண்டாம். மிரண்டு துள்ளினால் கம்பி அறுந்து உங்கள் மேலேயே பாயும். அறாவிட்டால் இன்னும் இறுகும். மயக்க ஊசி போடக் கால்நடை மருத்துவர் வரும்வரை அமைதிதான் அதற்கு நீங்கள் செய்யும் உதவி.

கேள்வி (கம்பம்): கருங்குரங்கு லேகியம் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று ஒருவர் கொண்டுவந்து தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவது. அதற்கு இன்ஹேலர் இருக்கிறது, குரங்குக் கறி மருந்தல்ல. கருங்குரங்கு என்று சொல்லப்படும் நீலகிரிக் கருமந்தி உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். விற்றவருக்கு மட்டுமில்லை, வாங்கி வைத்திருப்பவருக்கும்தான்.

கேள்வி (ஆனைகட்டி): தோட்டத்தில் அலங்கு (எறும்புத்தின்னி) ஒன்று சுருண்டு கிடந்தது. செதிலுக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: அந்தச் செதில் கெரட்டின், நம் நகம் எதனால் ஆனதோ அதுவேதான். மருத்துவ குணம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. சிறுத்தையிடமிருந்து காப்பாற்றும் அந்தச் சுருளே மனிதனிடம் வினையாகிறது: அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டுவிடலாம். பெரும்பாலும் ஒரு ஈற்றில் ஒரே குட்டி, அதனால் இழப்பு ஈடாவதில்லை. பன்னாட்டு வணிகத்துக்கே 2016-இல் தடை முடிவாயிற்று. டிரம்மிலோ குளியலறையிலோ பூட்டி வைக்காதீர்கள். எறும்பும் கறையானும்தான் அதன் தீனி. சோறும் பாலும் வைத்தால் சாகும். பகலானால் நிழலில் அசைக்காமல் விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். செதிலோ கொம்போ எப்படியோ கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது சட்டக் கடமை.

கேள்வி (வேலந்தாவளம்): கேரளத்தில் பன்றியைச் சுட அனுமதி உண்டே, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) மட்டும் ஏன் தப்பு?

பதில்: 2022 முதல் அங்கே உள்ளாட்சித் தலைவர் அனுமதியோடு, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர் சுடலாம். வெடி, விஷம், மின்சாரம் கூடாது. தமிழ்நாட்டில் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. அவுட்டுக்காயைக் கடிப்பது பன்றிதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் இப்படி வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல், ஆற்றில் நின்றபடியே இறந்தது கருவுற்ற யானை. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. உழுது மறைப்பதற்கு முன் படம் எடுத்து, பட்டா நகலோடு ரேஞ்ச் ஆபீஸில் மனுக் கொடுங்கள்.