தூத்துக்குடிக்குக் கார் ஆலை வந்தாச்சு. மகளை எதில் சேர்ப்பது?

ஐயா, வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், சிலாநத்தத்தில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார் ஆலை வந்துவிட்டது, பணம் கட்டி மூன்று மாத ‘ஈ.வி. (மின்சார வாகன) கோர்ஸ்’ சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

அந்த ஆலைக்கு அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். திறந்தது 2025 ஆகஸ்ட் 4-இல். இடையில் பதினெட்டு மாதம்கூட இல்லை. டிப்ளமோவுக்கு மூன்று வருடம், ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு வருடம். ஆகவே முதல் சுற்று ஆளெடுப்பை மறந்துவிடுங்கள். ஆண்டுக்கு 50,000 கார் என்று தொடங்கி 1,50,000 வரை போவது அவர்கள் திட்டம். வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டும் வேலையைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம், அதற்குப் பணம் கட்டிக் கோர்ஸ் வேண்டியதில்லை. உற்பத்தி கூடினால்தான் ரோபோவையும் கன்வேயரையும் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸ் ஆட்களுக்குக் கிராக்கி வரும். சீட், வயரிங் செய்யும் துணை ஆலைகளும் பக்கத்தில் முளைக்கும். அவள் படித்து முடிக்கும்போது குறிவைக்க வேண்டிய இடம் அது.

என் பரிந்துரை: அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர். கணக்கு நன்றாக வரும் என்றால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ எலக்ட்ரிக்கல். கார் ஆலை தாமதித்தாலும் துறைமுகம், அனல்மின் நிலையம், உர ஆலை எல்லாவற்றிலும் இந்தப் படிப்பு செல்லும். ஐ.டி.ஐ. முடித்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். கதவு எங்கும் மூடுவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும், விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

சேர்க்கும் முன் கண் மருத்துவரிடம் நிறப்பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். மின்சாரக் காரில் ஆபத்தான உயர் மின்னழுத்தக் கேபிள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களை எலக்ட்ரிக்கல் பிரிவில் பல இடங்களில் மருத்துவத் தேர்விலேயே கழித்துவிடுவார்கள். பெண்களுக்கு இந்தக் குறை அரிது, ஆனாலும் இரண்டு வருடம் படித்தபின் தெரியவந்தால் வலிக்கும்.

நேர்முகத்தில் பிள்ளைகள் தடுமாறுவது செய்முறையில். வெர்னியர் காலிப்பர் என்ற அளவுக் கருவியைக் கையில் கொடுத்து 0.02 மி.மீ. வரை அளவு சொல்லச் சொல்வார்கள். போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்கும் டார்க் ரெஞ்ச் எதற்கு என்று கேட்பார்கள்: குறைவாக முறுக்கினால் அதிர்வில் போல்ட் கழலும், அதிகமானால் மரை அறுந்துபோகும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை மல்டிமீட்டரில் சோதித்துக் காட்டத் தெரிய வேண்டும். பட்டறை நேரத்தைத் தவறவிட்டால் இதெல்லாம் கைக்கு வராது.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) பயிற்சி கட்டாயம் செய்யட்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம், உதவித்தொகையும் உண்டு. மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ‘ஆலைக்குள் ஆள் இருக்கு, வேலை வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.