அடுத்த மெக்கானிக் கை வைப்பதற்கு முன்

கேள்வி: இணையத்தில் 'கம்பெனி சர்வீஸ்' என்று போட்டிருந்த எண்ணில் அழைத்த ஆள், எங்கள் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசிக்கு நான்கு மாதத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றினார். பிறகு கம்ப்ரசர் போய்விட்டது என்று மாற்றினார். ஜிபேயில் மொத்தம் 24,000 ரூபாய் கொடுத்தேன், பில் இல்லை. பதினைந்தே நாளில் மறுபடி குளிர்ச்சி நின்றுவிட்டது. இதய நோயாளியான அப்பாவுக்கு இரவில் தூக்கமே இல்லை. போனில் கேட்டால் ஒருமையில் பேசுகிறார். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா? நாளை வேறு மெக்கானிக் வருகிறார். நேர்மையான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், மதுரை

பதில்: முதலில் நாளை வருபவரை நிறுத்துங்கள்.

மரியாதையில்லாத பேச்சும் அப்பாவின் தூக்கமும் உங்களுக்குப் பெரிது, வழக்குக்கு உதவாது. மோசடி என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அதனால் காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்' என்றுதான் அனுப்பிவைப்பார்கள். உங்கள் வழக்கு ஒரே புள்ளியில் நிற்கிறது. ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, கசிவில்லாமல் குறையாது. கசிவைத் தேடி அடைக்காமலே இரண்டு முறை ஏற்றியிருந்தால், அதுவே நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு. அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

அந்த நிரூபணம் இப்போது உங்கள் அவுட்டோர் யூனிட்டுக்குள் இருக்கிறது. புது மெக்கானிக் குழாயை வெட்டி, பற்றவைத்து, கேஸ் ஏற்றிவிட்டால் அது போய்விடும். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தோற்கிறார்கள். வெயில் தாங்காமல் ரிப்பேரை முடித்துவிட்டு, பிறகு ஃபைலோடு வருவார்கள். எதிர்த்தரப்பு, 'நான் சரியாகத்தான் செய்தேன், பின்னால் வந்தவர் கெடுத்துவிட்டார்' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது. புது ஆள் வாயால் சொன்ன 'முன்னாடி வந்தவன் சொதப்பிட்டான் சார்' சாட்சியம் ஆகாது. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் அவர் வரவும் மாட்டார்.

எனவே வாரண்டி அட்டையில் உள்ள எண்ணில் கம்பெனியைக் கூப்பிட்டு, பரிசோதனை மட்டும் செய்யச் சொல்லுங்கள். கசிவு எங்கே, பொருத்தியிருக்கும் கம்ப்ரசர் புதியதா, அதன் சீரியல் எண் என்ன என்பதைத் தேதி, கையெழுத்தோடு சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். கம்ப்ரசர் லேபிளைப் படம் எடுங்கள். ஏசி கம்பெனியை எதிர்தரப்பாகச் சேர்க்க ஆசைப்படாதீர்கள். 'அவர் எங்கள் ஆளே இல்லை' என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். பழைய மெக்கானிக்கின் ஜிபே பெயரையும் கடை முகவரியையும் உறுதி செய்யாவிட்டால், பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்கு அனுப்பும் நோட்டீஸ்கூடப் போய்ச் சேராது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆனாலும் 24,000 ரூபாய்க்காக ஆணையத்துக்கு அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. சட்டம் சொல்லும் மூன்று மாதத்தில் அங்கே முடிவதில்லை. ரிப்போர்ட்டை இணைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். 15,000 தருகிறேன் என்று இறங்கி வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை 'முழுத் தொகையும் பெற்றேன்' என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நேர்மையான ஆளைக் கேட்டீர்கள். 'கசிவு எங்கே?' என்று கேளுங்கள். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தமாக அடித்துக் கசிவைப் பார்த்துச் சொல்கிறேன், கழற்றிய பார்ட்டை உங்களிடமே தருகிறேன், பில் போடுகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுங்கள்; ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு.